வீட்டில் தோட்டா ரீலோட் செய்ய முதலில் எதையெல்லாம் வாங்குவது?

கரிசல்காரன்_ஹூஸ்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கிப் பக்கமே வந்தேன். இப்போது கையில் இருப்பது ஒரு 357 மேக்னம் ரிவால்வர், அதில் பெரும்பாலும் 38 ஸ்பெஷல்தான் சுடுகிறேன், அப்புறம் மான் சீசனுக்கென்று வாங்கிய 308 போல்ட் ரைபிள். வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் வந்தால் தோட்டாச் செலவு கையைக் கடிக்கிறது. சுட்ட பித்தளை உறைகளைத் தூக்கிப்போட மனசு வராமல் டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ரேஞ்சில் ஒரு பெரியவர் இதையெல்லாம் ரீலோட் செய்யலாமே, அதாவது சுட்ட உறையில் புதிதாகப் பிரைமர் (தீப்பற்ற வைக்கிற சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (முன்னால் பறக்கிற குண்டு) வைத்து மறுபடி தோட்டாவாக்கலாமே என்றார், அன்றிலிருந்து யூடியூபே கதி என்று கிடக்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

கேள்விகள் இவ்வளவுதான். தோட்டாவை அழுத்திச் செய்கிற பிரஸ்ஸில் சிங்கிள் ஸ்டேஜ், டரெட், புரோகிரஸிவ் என்று மூன்று வகை, இந்த மூன்றில் புதிதாக ஆரம்பிக்கிறவன் எதை வாங்க வேண்டும்? பெட்டியில் எல்லாம் சேர்த்து விற்கிற கிட் வாங்குவது லாபமா, தனித்தனியாக வாங்குவதா? 500, 600 டாலருக்குள் முடிக்க முடியுமா? கராஜில் ஒரு மூலையை ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், அதனால் அந்தப் பக்கம் என்ன கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். அவசரம் இல்லை, நிதானமாகவே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய_பித்தளை

தம்பி, முதல் காசைப் புத்தகத்தில் போடுங்கள். லைமன் கையேடோ ஹார்னடி கையேடோ, ஏதாவது ஒன்று, புதுப் பதிப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் முதல் நூறு பக்கத்தில் இருக்கிற விளக்கத்தைப் படித்து முடித்த பிறகு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். பவுடர் அளவுகளுக்கு ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் இணையப் பக்கமும் இருக்கிறது, இலவசம். எந்தக் காரணத்துக்காகவும் இந்த மாதிரி இழையில் யாரோ ஒருவர் எழுதிய கிரெயின் (பவுடர் நிறுக்கிற அலகு) கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த யாரோ ஒருவர் நானாக இருந்தாலும் சரி.

இனி பிரஸ். நீங்கள் சுடுவது போல்ட் ரைபிளும் ரிவால்வரும். இரண்டுமே மெதுவாகச் சுடுகிற துப்பாக்கிகள். மணிக்கு 500 தோட்டா செய்துதள்ளுகிற புரோகிரஸிவ் உங்களுக்கு எதற்கு? அந்த பிரஸ்ஸில் ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் நாலைந்து உறைகளில் நாலைந்து வேலை ஒரே சமயத்தில் நடக்கும். எந்த நிலையத்தில் என்ன தப்பு நடக்கிறது என்று கண்ணும் கையும் பழகாதவர்களுக்கு அது தெரியாது. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு இழுப்புக்கு ஒரே வேலை. 50 உறைக்கு சைஸிங் (சுட்டு விரிந்த உறையைப் பழைய அளவுக்கு இறுக்குவது) முடித்துவிட்டு, டையை (பிரஸ்ஸில் மாட்டுகிற அச்சு) மாற்றி, 50 உறைக்கும் அடுத்த வேலை. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தோட்டா எப்படி உருவாகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங் பிக் பாஸ் எதுவானாலும் உங்கள் பையன் காலம் வரைக்கும் ஓடும். வார்ப்பு இரும்பு, தேய மாட்டேன் என்கிறது. பின்னால் புரோகிரஸிவ் வாங்கினாலும் 308 வேலைக்கும் சில்லறை வேலைக்கும் இது பெஞ்சிலேயே இருக்கும், வீணாகாது.

கிட் விஷயம். ராக் சக்கர் கிட்டில் பிரஸ், தராசு, பவுடர் மெஷர் (பவுடரை அளந்து போடுகிற கருவி), பிரைமர் வைக்கிற கருவி, லோடிங் பிளாக் (உறைகளை வரிசையாக நிறுத்துகிற கட்டை), உறைக்குத் தடவுகிற லூப் (வழுக்குப் பசை), புனல் எல்லாம் வந்துவிடும். தனித்தனியாக வாங்கினால் ஆகிற காசை விடக் குறைவுதான். ஆனால் கிட்டில் வராதவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டை வராது, ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் உறையின் அடியைப் பிடிக்கிற துண்டு) வராது. நீளம் அளக்கிற 6 அங்குல கேலிப்பர் கட்டாயம் வேண்டும், அதையும் தனியாகத்தான் வாங்க வேண்டும். 308க்கு உறையின் நீளத்தை வெட்ட டிரிம்மர் வேண்டும். தப்பாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல் மாதிரி ஒரு புல்லட் புல்லர் விற்கிறார்கள், இருபது முப்பது டாலர்தான், முதல் நாளே வாங்கி வையுங்கள். அது கையில் இல்லாதவர்கள்தான் சந்தேகமான தோட்டாவை "பரவாயில்லை, சுட்டுப் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

டை வாங்கும்போது 38 ஸ்பெஷலுக்குக் கார்பைட் டை என்று கேட்டு வாங்குங்கள். அதுவானால் உறைக்கு லூப் தடவ வேண்டாம். 38க்கும் 357க்கும் ஒரே டை செட், ஒரே ஷெல் ஹோல்டர். 357 உறை 0.135 அங்குலம் நீளம் கூட என்பதால் டையின் உயரத்தை மட்டும் மாற்றி வைக்க வேண்டியிருக்கும். 308 கழுத்து குறுகிய உறை, அதற்குக் கார்பைட் டை வாங்கினாலும் லூப் தடவாமல் சைஸ் செய்ய முடியாது, உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

ஆரம்பிப்பது 38லிருந்தே இருக்கட்டும். நேரான உறை, குறைந்த அழுத்தம், ரிவால்வரில் சுட்ட உறை தானாகவே உங்கள் கைக்கு வந்துவிடும், புல்லில் தேட வேண்டாம். காசும் அதில்தான் மிச்சமாகும். பிரைமர் ஏழெட்டு சென்ட், புல்லட் பத்து சென்ட், பவுடர் இரண்டு மூன்று சென்ட் என்று வைத்தால் 20 சென்ட் பக்கம் வருகிறது. கடையில் 38 ஸ்பெஷல் வாங்கினால் இதை விடக் கூடத்தான் ஆகும். 9எம்எம் சுடுகிறவர்களுக்கு இந்த லாபம் அநேகமாக இல்லை.

எல்லைக்கோடு

கருவிப் பேச்சுக்கு நடுவில் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழுவில் எச்1பியில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

கேட்டவருக்குக் கிரீன் கார்டு இருப்பதால் பிரச்சினை இல்லை. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். விதிவிலக்குகளில் ஒன்று வேட்டை லைசென்ஸ். அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். டெக்சஸில் வருட லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிந்துவிடும், அன்றைக்கு நள்ளிரவு தாண்டினால் விதிவிலக்கும் முடிந்தது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: சட்டத்தில் அம்யூனிஷன் என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. உறை, பிரைமர், புல்லட், பவுடர் எல்லாமே தனித்தனியாகவே அந்த வரையறைக்குள் வருகின்றன. "நான் துப்பாக்கி வாங்கவில்லை, அறைத்தோழனுக்காக ரீலோட் மட்டும் செய்து தருகிறேன்" என்று எச்1பி நண்பர் ஒருவர் சொன்னால் உடனே தடுத்து நிறுத்துங்கள்.

சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் எதுவும் வேண்டாம். விற்பதற்காகச் செய்ய ஆரம்பித்தால் அது தயாரிப்புத் தொழில், டைப் 06 லைசென்ஸ் வேண்டும். மாநிலச் சட்டம் ஒவ்வொன்றும் வேறு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப் போகிற பையை ஊருக்குப் போகும்போது கொண்டுபோகாதீர்கள். மடிப்புக்குள் ஒரே ஒரு தோட்டா கிடந்து சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானமும் போய்விடும், விடுமுறையும் போய்விடும். இந்தியாவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், இந்த இழை உங்களுக்கானது இல்லை.

நாலு_துளை

பித்தளை அண்ணன் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, ஆனால் டரெட்டை ஒரு வரி கூடப் பேசாமல் தாண்டிப் போய்விட்டார்.

லீ கிளாசிக் டரெட் என்று ஒன்று இருக்கிறது. தலையில் நாலு துளை, நாலு டையை ஒருமுறை அமைத்து வைத்துவிட்டால் அப்படியே இருக்கும். கைப்பிடியை இழுக்க இழுக்கத் தலை தானாகச் சுழன்று அடுத்த டை வந்து நிற்கும், நாலு இழுப்பில் ஒரு தோட்டா முடிந்துவிடும். ஒரே நேரத்தில் ஒரே உறைதான் உள்ளே இருக்கும் என்பதால் புரோகிரஸிவ் மாதிரி கவனம் சிதறாது. சுழற்றுகிற தண்டை உருவி எடுத்துவிட்டால் அதுவே சிங்கிள் ஸ்டேஜ். 308ஐ அப்படிச் செய்யுங்கள், 38ஐத் தண்டைப் போட்டுச் செய்யுங்கள். 38 ஒரு மணி நேரத்தில் நூறுக்கு மேல் நிதானமாகவே வரும், சிங்கிள் ஸ்டேஜில் அதில் பாதிதான் முடியும். வேலைக்குப் போய்வந்து பையனையும் பார்த்துக்கொண்டு ராத்திரி கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எத்தனை தோட்டா முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? விலையும் ராக் சக்கர் பிரஸ்ஸை விடக் கூடவில்லை, தலைகள் தனியாகவும் மலிவாகக் கிடைக்கும், ஒவ்வொரு கேலிபருக்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

லீ டை செட்டோடு ஷெல் ஹோல்டரும் சேர்ந்தே வரும், அந்தச் செலவும் மிச்சம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். லீயின் சின்னப் பிளாஸ்டிக் தராசு துல்லியமானதுதான், ஆனால் அதைப் படிக்கப் பொறுமை வேண்டும், வேறு நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கரிசல்காரன்_ஹூஸ்டன்

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. அந்த அம்யூனிஷன் வரையறை எனக்கும் புதுச் செய்தி, என்னோடு ரேஞ்சுக்கு வருகிற எச்1பி நண்பனுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு. தராசு டிஜிட்டலா, பழைய பீம் தராசா? அப்புறம் யூடியூபில் எல்லோரும் டபுள் சார்ஜ் டபுள் சார்ஜ் (ஒரே உறையில் பவுடர் இரண்டு முறை விழுவது) என்று பயமுறுத்துகிறார்கள், டரெட் வாங்கினால் அந்த ஆபத்து கூடுமா? பையன் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

டூசான்_அக்கா

பையன் விஷயத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி. நானும் என் கணவரும் சேர்ந்துதான் ரீலோட் செய்கிறோம், பிள்ளைகள் இந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள்.

எல்லோரும் பவுடரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தினசரி ஆபத்து ஈயத்தில் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களுக்குள் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட பிறகு அந்தப் புகைக்கரி உறைக்குள் படிந்திருக்கும். சோளத் தக்கைத் தூளையோ வால்நட் ஓட்டுத் தூளையோ போட்டு உறைகளை டம்ளரில் (உறைகளைக் குலுக்கிச் சுத்தம் செய்கிற இயந்திரம்) குலுக்கும்போது அது மெல்லிய தூசியாக மேலே கிளம்பும், குறிப்பாக உறைகளைச் சலித்துப் பிரிக்கிற அந்த ஒரு நிமிடம். கராஜ் தரையில் படிந்தால் பையனின் செருப்பு, பந்து, கை, வாய் என்று வழி நீளும். ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஈயம் எவ்வளவு குறைந்த அளவிலும் நல்லதில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021இல் சிறுவர்களுக்கான எச்சரிக்கை அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராமாக இறக்கியது.

அதனால் காய்ந்த தூள் டம்ளர் வேண்டவே வேண்டாம். தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்பு, ஸ்டீல் ஊசிகள் போட்டுச் சுழற்றுகிற ஈர டம்ளர் வாங்குங்கள். தூசி கிளம்பாது. அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆரம்பத்தில் டம்ளரே இல்லாமலும் ஓட்டலாம், உறை பளபளவென்று இருக்க வேண்டியதில்லை, அழுக்கும் மண்ணும் இல்லாமல் இருந்தால் போதும். பெஞ்சில் காபி, முறுக்கு எதுவும் கூடாது. எழுந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சும்மா சானிடைசர் தடவினால் ஈயம் போகாது. அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் சொல்லி உங்களுக்கும் பையனுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொள்வது நல்லது, நாங்கள் பார்க்கிறோம்.

பிரைமரை அது வந்த பெட்டியிலேயே வைத்திருங்கள். டப்பாவில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது மொத்தமும் சேர்ந்து வெடிக்கும், அட்டைப் பெட்டியில் அவற்றைத் தள்ளித்தள்ளி அடுக்கியிருப்பதே அதற்காகத்தான். பவுடரும் அதன் சொந்த பாட்டிலில்தான் இருக்க வேண்டும். என்எஃப்பிஏ 495 என்கிற தீப்பாதுகாப்பு விதிப்படி வீட்டில் 20 பவுண்ட் பவுடர் வரை அப்படி வைக்கலாம், அதற்கு மேல் போனால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும், பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. உங்களுக்கு அவ்வளவு தேவையே வராது, இருந்தாலும் உங்கள் ஊர்த் தீயணைப்பு விதி இதை விடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி எதுவானாலும் பூட்டு வேண்டும், சாவி பையனுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பவுடருக்கு இரும்பு கன் சேஃப் வேண்டாம், தீப்பிடித்தால் அழுத்தம் வெளியே போக வழியில்லாமல் அதுவே குண்டாகிவிடும்.

பழைய_பித்தளை

தராசு பற்றி. என் ஓட்டு பீம் தராசுக்கு. பேட்டரி தீராது, கையில் செல்போன் இருப்பதாலோ தலைக்கு மேல் டியூப் லைட் இருப்பதாலோ எண் நகராது. ஏசி காற்று மட்டும் படக் கூடாது. டிஜிட்டல் வேகமானது, நல்லதுதான், ஆனால் மலிவானது வாங்கினால் கால் மணி நேரத்தில் பூஜ்ஜியமே இடம் மாறியிருக்கும். எதை வாங்கினாலும் செக் வெயிட் (எடை தெரிந்த சோதனைக் கற்கள்) செட் ஒன்று வாங்கி ஒவ்வொரு முறை உட்காரும்போதும் வைத்துப் பாருங்கள். ஒரு பவுண்டில் 7000 கிரெயின், ஒரு கிரெயின் 65 மில்லிகிராம் கூட இல்லை. நாம் பேசுவது அதில் பத்தில் ஒரு பங்கைப் பற்றி.

இனி டபுள் சார்ஜ். இது 38 ஸ்பெஷலுக்கே உரிய தொல்லை. இந்த உறை கரும்பவுடர் காலத்தில் பிறந்தது, அந்தப் பவுடர் இடம் அடைக்கும் என்பதால் உறையை இவ்வளவு நீளமாகச் செய்தார்கள். இப்போதைய பவுடர் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். டைட்குரூப் மாதிரி வேகமான பவுடராக இருந்தால் கையேட்டு அளவு உறையில் பாதியைக் கூட எட்டாது, இரண்டு முறை விழுந்தாலும் வெளியே வழியாது, மேலே புல்லட் ஒழுங்காக உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இருக்காது. சுடும்போதுதான் சிலிண்டர் பிளக்கும். அதனால் பவுடர் தேர்ந்தெடுக்கும்போதே இடம் அடைக்கிற பவுடராக, இரண்டு முறை போட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கிறதாகக் கையேட்டில் பார்த்து எடுங்கள். முதல் பவுடருக்கு எனக்கு இது ஒன்றுதான் நிபந்தனை, காசு மிச்சம் எல்லாம் அப்புறம்.

சிங்கிள் ஸ்டேஜில் 50 உறையையும் லோடிங் பிளாக்கில் நிறுத்திப் பவுடர் போட்டுவிட்டு, புல்லட் வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்ப்போம். எல்லாவற்றிலும் பவுடர் மட்டம் ஒன்றாக இருக்கும், கூடவோ குறையவோ இருந்தால் பளிச்சென்று தெரியும். டரெட்டில் அந்த ஒப்பீடு கிடைக்காது. ஒரு உறை, ஒரு பார்வை. யாராவது கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு அதே நிலையத்தில் மறுபடி கைப்பிடியை இழுத்தால் முடிந்தது கதை. டரெட் வாங்குவதாக இருந்தால் பிரஸ்ஸுக்கு மேலே சின்ன எல்ஈடி விளக்கு ஒன்று வையுங்கள், உறைக்குள் வெளிச்சம் நேராக விழ வேண்டும், ஒவ்வொரு புல்லட்டையும் உள்ளே பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். நடுவில் எழுந்தால் பிரஸ்ஸில் இருக்கிற உறையின் பவுடரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து போடுங்கள்.

பவுடர் விழவே விழாமல் போவதும் இதே அளவு ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்துப் புல்லட்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். சத்தம் "டப்" என்று சன்னமாக இருக்கும், கையில் உதைப்பு இருக்காது. அப்படிக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடாதீர்கள். சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள்.

மேஜை மேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் பாட்டில்தான் இருக்க வேண்டும். முடிந்ததும் மெஷரில் மிச்சமிருப்பதை அதே பாட்டிலில் திருப்பிக் கொட்டுங்கள், ராத்திரி விட்டுவிட்டால் காலையில் அது எந்தப் பவுடர் என்று யார் சொல்வது? 308க்கு வரும்போது எச்4895 என்றும் ஐஎம்ஆர் 4895 என்றும் இரண்டைப் பார்ப்பீர்கள், எண் ஒன்றுதான், பவுடர் வேறு, அளவும் வேறு.

நாலு_துளை

விளக்கு விஷயத்தில் அண்ணனோடு முழுச் சம்மதம், என் பிரஸ்ஸிலும் இருக்கிறது. இன்னொன்று, ரேஞ்சில் மற்றவர்கள் விட்டுப்போன உறைகளைப் பொறுக்குவதாக இருந்தால் உள்ளே பாருங்கள், நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்சர், அதுதான் நமக்கு வேண்டும். இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டன், நம் டையின் ஊசி உடைந்துவிடும். அடியில் வட்டத்துக்குள் சிலுவைக்குறி இருக்கிற ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி நெருக்கி அடித்திருப்பார்கள், அதை விரிக்கத் தனிக் கருவி வேண்டும், ஆரம்பத்தில் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

கரிசல்காரன்_ஹூஸ்டன்

முடிவு செய்துவிட்டேன். கிளாசிக் டரெட், ஆனால் முதல் சில மாதம் தண்டை உருவிவிட்டு சிங்கிள் ஸ்டேஜாகவே ஓட்டுவேன், லோடிங் பிளாக்கும் டார்ச்சுமாக. பீம் தராசு, செக் வெயிட், கேலிப்பர், புல்லட் புல்லர், 38 கார்பைட் டை, லைமன் கையேடு. டம்ளர் இப்போதைக்கு இல்லை, கையால் கழுவிக்கொள்கிறேன், கராஜுக்குப் பதிலாக வெளியே இருக்கிற ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டு அங்கே பெஞ்ச் போடப் போகிறேன். 308 அடுத்த வருடம்.

பவுடரும் பிரைமரும் ஆன்லைனில் வாங்கலாமா?

டூசான்_அக்கா

வாங்கலாம், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஹாஸ்மட் (ஆபத்தான சரக்கு) கட்டணம் என்று இருபது முப்பது டாலர் தனியாகப் போடுவார்கள். ஒரு பவுண்ட் பவுடருக்காக அதைக் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். முதல் தடவை உள்ளூர்க் கடையிலேயே ஒரு பாட்டிலும் ஆயிரம் பிரைமரும் வாங்குங்கள், பிறகு ரேஞ்சில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் போட்டுக்கொள்ளலாம். ஷெட் என்று சொன்னீர்களே, ஹூஸ்டன் வெயிலில் தகர ஷெட்டுக்குள் பவுடரை வைக்க வேண்டாம், சூட்டில் கெட்டுப்போகும். வேலை ஷெட்டில் நடக்கட்டும், பாட்டில் வீட்டுக்குள் குளுமையான அலமாரியில் பூட்டில் இருக்கட்டும்.